உகாண்டாவில் பிறந்தவர் நியூயார்க் மேயராகக் கூடாதா?

‘மம்தானி உகாண்டாவில் பிறந்தவர், நியூயார்க் மேயர் தேர்தலில் அவர் நின்றதே செல்லாது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குத்தான்; மேயருக்கு இல்லை. சோரான் மம்தானி உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் பிறந்தார், சரி. ஏழு வயதில் நியூயார்க் வந்தவர், 2018-லேயே குடியுரிமை பெற்றுவிட்டார். லண்டனில் பிறந்த ஏபிரகாம் பீம் 1974 முதல் 1977 வரை நியூயார்க் மேயராகவே இருந்திருக்கிறார்!

அப்புறம், ‘ஊரே தெரியாத ஆள்’ என்று ஒரு வால் வேறு. 2025 ஜூனில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியின் வடகோடி இன்வுட்டிலிருந்து தென்கோடி பேட்டரி பார்க் வரை, வழியெல்லாம் கைகுலுக்கிக்கொண்டு நடந்தே போனவர் அவர். ஆகஸ்டில் பழைய மேயர்களின் கதைகளைத் துப்பாக வைத்து ஒரு தேடல் விளையாட்டு நடத்தி, ஆயிரக்கணக்கானவர்களை ஊர் சுற்றவும் வைத்தார்.