மூட்டையை இறக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

பூட்டியிருந்த எங்கள் கிளை நூலகத்து வாசலில் ஒரு பெரியவர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய புத்தக மூட்டைகள் மழையில் நனைகிற அந்த வீடியோவை எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "அறிவுப் பொக்கிஷம் மழையில் நனைகிறது, நூலகமோ பூட்டிக் கிடக்கிறது." பின்னணியில் ஷெனாய் வேறு. ஊரில் உள்ள அத்தனை வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி, கடைசியில் நூலகர் அக்காவிடம் மேலிடம் விளக்கம் கேட்கும் வரைக்கும் போய்விட்டது.

மூட்டைகளை இறக்கிய பெரியவருக்கும் வீடியோ எடுத்த தம்பிக்கும் தெரியாத ஒரு விஷயம்: அன்று வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். வாசலிலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது. வருஷக்கணக்காக அந்தப் பக்கமே தலைவைக்காதவர்களுக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, பொக்கிஷத்துக்கு வருவோம். மறுநாள் நானும், நூலகத்துக்கு உதவ நாங்கள் நடத்துகிற வாசகர் வட்டத்து நண்பர்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூட்டைகளைப் பிரித்தோம். பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய பத்தாம் வகுப்பு கைடுகள். விண்டோஸ் எக்ஸ்பி கற்றுத்தரும் கையேடு. அட்டை போன வார இதழ்கள். ஒரு நகைக்கடை கொடுத்த 2014 டைரி, உள்ளே ஜூன் மாதம் வரைக்கும் பால் கணக்கு. பழைய பஞ்சாங்கம். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. நாலைந்து நல்ல நாவல்களும் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். அதில் இராமபாணப் பூச்சி புகுந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நூல் கோக்கிற மாதிரி ஓட்டை போட்டிருந்தது. அதை அலமாரியில் வைத்தால் பக்கத்தில் இருக்கிற புத்தகமும் சேர்ந்து போகும்.

போகிக்குக் கொளுத்த மனசு வராததை எல்லாம் நூலகத்து வாசலில் கொண்டுவந்து போடுவதற்குப் பெயர் கொடை இல்லை. நூலகம் பழைய பேப்பர் கடை இல்லை. பழைய பேப்பர் கடையாவது கிலோவுக்கு இவ்வளவு என்று உங்களுக்குப் பணம் கொடுக்கும்.

"பெரியவர் நல்ல மனசோடதானே குடுத்தார்?" என்று கேட்கிறீர்கள். நல்ல மனசுதான். யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசு ஒரு போன் செய்து "அம்மா, இந்த மாதிரிப் புத்தகம் இருக்கு, வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வது. கொடுக்குமுன் கேளுங்கள். ஆட்டோவுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பேரம் பேச நேரம் இருந்திருக்கிறது, இதற்கு இல்லையா?

நேற்று ஒருவர் கமெண்டில் நூலகத் தந்தை ரங்கநாதனையே துணைக்குக் கூப்பிட்டார். "ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று எஸ்.ஆர்.ரங்கநாதன் சொல்லியிருக்கிறார், வாசகர் வட்டம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாதா?" தெரியும் சார். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் அது மூன்றாவது. முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப்போகிற பெண் பழைய கைடைப் பார்த்துப் படித்துவிட்டுத் தப்பாக விடை எழுதினால் அவள் நேரத்தை யார் திருப்பித் தருவது? மூன்றாவதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வந்தால் எப்படி?

இன்னொன்றும் நிறையப் பேருக்குத் தெரியாது. நன்கொடையாக வருகிற புத்தகத்தைச் சும்மா அலமாரியில் சொருகிவிட முடியாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும். ஏற்றியபிறகு அது அரசாங்கச் சொத்து. இருப்புச் சரிபார்க்க வரும்போது ஒன்று குறைந்தாலும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். கிழிந்துபோனதைக் கழிப்பதற்கும் தனியாக நடைமுறை இருக்கிறது. எங்கள் நூலகத்தில் இத்தனைக்கும் ஒரே ஆள். அவரேதான் கூட்டுகிறார், அவரேதான் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறார், பேப்பரைக் குச்சியில் கோக்கிறார், புத்தகம் எடுத்துக் கொடுக்கிறார், சாயந்தரம் சண்டை போடுகிற பசங்களையும் அவரேதான் விலக்கிவிடுகிறார். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் இருந்தேன். "வெள்ளிக்கிழமை லீவுன்னு நானே எப்படிண்ணா எழுதுறது, அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கடிதத்தை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"அப்ப எதைத்தான் கொடுக்கிறது?" கேளுங்கள், சொல்கிறோம். போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து சாயந்தரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போதைய பள்ளிப் பாடப்புத்தகம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இன்னும் இரண்டு செட் வேண்டும். செல்போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயின்ட் வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஆமாம், தாழ்ப்பாள். அதை யாரும் பொன்னாடை போட்டு நன்கொடையாகக் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க முடியாது.

பணமாகக் கொடுக்க ஆசையா, அதற்கும் வழி இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர், ஐயாயிரம் என்றால் பெரும் புரவலர், பத்தாயிரம் என்றால் கொடையாளர். முறையான ரசீது உண்டு. இதற்காகப் போன வருஷம் பஜாரில் கடை கடையாக ஏறினேன். ஒரு அண்ணாச்சி, கோயில் அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பவர், "பேர் எங்கே போடுவீங்க?" என்றார். உள்ளே புரவலர் போர்டில் வரும் என்றேன். "உள்ளேயா? உள்ளே யார் தம்பி வர்றா?" என்றார். கடைசியில் கொடுத்தார், குறை சொல்லக்கூடாது. ஆனால் போர்டு எழுதியவர் இனிஷியலை மாற்றி எழுதிவிட, என்னமோ நான் அவருடைய அப்பாவையே மாற்றிவிட்ட மாதிரி மூன்று மாதம் பேசவில்லை. பெயின்டருக்குத் திரும்பக் காசு கொடுத்து மாற்றினேன். இப்போது பேசுகிறார்.

அதுகூடப் பரவாயில்லை. நேரத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒரு மணி நேரம் வாருங்கள் என்று குழுவில் போட்டால் கைகூப்பும் படம் நாற்பது வரும், ஆள் வருவது ஒன்றோ இரண்டோ. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வரட்டும், அப்போது பாருங்கள் கூட்டத்தை. ஃப்ளெக்ஸில் என் படம் சின்னதாக இருக்கிறது என்ற சண்டை வரைக்கும் நடக்கும்.

"அரசாங்கம் செய்யவேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள், இது அரசைத் தப்பிக்கவிடுவது" என்று தோழர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். வசூல் செய்கிற உள்ளாட்சிகள் அதை, நூலகங்களை நடத்துகிற நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைப்பது பேப்பரில் அடிக்கடி வருகிற செய்தி. அதைக் கேட்க வேண்டும், நிச்சயமாகக் கேட்க வேண்டும். தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட வாருங்கள் தோழர். ஆனால் மனுவுக்குப் பதில் வருகிற வரைக்கும் அந்தப் பெண்கள் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குத்தான் போகவேண்டுமா?

பக்கத்துக் கேரளாவில் பி.என்.பணிக்கர் 1945-லேயே ஊர் ஊராக இருந்த நூலகங்களைச் சங்கமாகச் சேர்த்தார். இன்றைக்கும் அங்கே நூலகத்தை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி நடத்துகிறது, அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. அங்கே அரசைத் தப்பவிட்டுவிட்டார்களா என்ன?

"இப்ப யார் சார் புத்தகம் படிக்கிறா, எல்லாம் செல்போன்லயே இருக்கு" என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. மத்தியானம் வந்து காலி நாற்காலி ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

ஒரே ஒரு கமெண்ட்தான் உள்ளே போய் உறுத்துகிறது. "வாசகர் வட்டம் என்ற பெயரில் வசூல் நடக்கிறது, பின்னால் ஒரு கட்சி இருக்கிறது." எழுதியவர் என் கூடப் படித்தவர். அவர் மகள் குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்குப் படித்தது இதே நூலகத்தில்தான், நாங்கள் வாங்கிப்போட்ட புத்தகத்தில்தான். அதைச் சொல்லிக்காட்டக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். கட்சி என்றால் எந்தக் கட்சி என்றாவது சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. போன தேர்தலில் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வாங்கினவன் நான்.

வசூல் கணக்கு நூலக அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படுகிறது. வந்து பாருங்கள், ரசீது எண்ணோடு இருக்கும். ஹாலில் நடுவில் உள்ள ஃபேனுக்குக் காயில் கட்டிய செலவு மட்டும் அதில் இருக்காது. அது என் கைக்காசு. எழுத வேண்டாம் என்று விட்டிருந்தேன். அடுத்த மாதக் கணக்கில் அதையும் எழுதிவிடுகிறேன்.