வரச் சொன்னோம், வரவில்லை

"கிளினிக்குக்கு வரச் சொன்னோம், ஆள் வரவில்லை." ஆஸ்பத்திரிப் பக்கம் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. வராதவருக்கு உடம்பில் அக்கறை இல்லை என்று அர்த்தமாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருகோணமலைப் பக்கம் குச்சவெளியில் கரைவலைக்குப் போகிற ஒருவருக்கு நடுச்சாமத்தில் முட்டு, அதாவது ஆஸ்துமா, இழுக்கிறது என்று வையுங்கள். 1990 என்ற நம்பருக்கு அடித்ததும் அம்புலன்ஸ் வருகிறது. மாஸ்க் போட்டு மருந்து பிடிக்கிறார்கள், விடியும்போது மூச்சு சீராகிறது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அட்டையின் அடியில் ஆங்கிலத்தில் கிளினிக் என்று கிறுக்கி, பக்கத்தில் 2/52. டாக்டர்மாருக்கு அது இரண்டு வாரம். அவருக்கு? எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணி, ஒன்றும் இல்லை. அட்டை சொப்பிங் பைக்குள் போய்விடும்.

மூச்சு வந்தால் வருத்தம் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முட்டு வரும்போது இழுக்கிற நீல பம்ப் (இன்ஹேலர்) மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற அழற்சியைத் தணிப்பது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீரொயிட் பம்ப். அதைச் சரியாக இழுக்கிறாரா என்று பார்த்துத் திருத்த வேண்டிய இடம்தான் கிளினிக்.

வைத்தியம் இலவசம், சரி. விடிய முதல் பஸ்ஸில் வந்து நம்பர் எடுத்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்ப மத்தியானம் தாண்டும். அன்றைய வலைப் பங்கை யார் கொடுப்பது?

அமெரிக்காவில் அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன ஆஸ்துமாக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் சொல்லி அனுப்பியவர்களில் 42 வீதம் பேர்தான் பிறகு டாக்டரிடம் போனார்கள். இலவச மருந்தும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து ஃபோனில் ஞாபகப்படுத்தியபோது 48. ஃபோனுக்குப் பதிலாகத் திகதியையே குறித்துக் கொடுத்தபோது 65. ஆனாலும் ஒரு வருடத்தில் திரும்ப அவசரப் பிரிவுக்கு வந்த கணக்கில் வித்தியாசம் இல்லை! வந்தவரை இரண்டு நிமிஷம் பார்த்துப் பழைய மருந்தையே எழுதி அனுப்பினால் வேறென்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் துண்டு வெட்டும் மேசையிலேயே திகதி, நேரம், அறை மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். டவுனுக்கு வர முடியாதென்றால் குச்சவெளி ஆஸ்பத்திரிக்கே ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். ஃபோன் நம்பர் வாங்கும்போது அது யாருடைய கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பாதி நேரம் கத்தாரில் நிற்கும் மகனுடையதாக இருக்கும். கர்ப்பிணியைத் தேடிக் குடும்பநல மாது வீட்டுக்கே வருகிற நாடு இது. முட்டுக்காரர் வராத அன்று ஒரு கோல் எடுப்பது அப்படியென்ன பெரிய வேலை?