ரோபோ வாங்கினால் மட்டும் நெகிழ்வு வந்துவிடாது

"தொழிற்சாலையில் ஆறு அச்சு ரோபோ (ஆறு மூட்டுகளில் திரும்பும் இயந்திரக் கை) ஒன்றை நிறுவிவிட்டால் எந்தப் பாகத்தையும் அதே தயாரிப்பு வரிசையில் செய்யலாம்" என்று சொல்வது பாதிதான் உண்மை. நிரலைச் சட்டென்று மாற்றிவிடலாம். ஆனால் ரோபோவின் கிரிப்பர், அதாவது பிடிக்கும் முனை, பழைய பாகத்தைப் பிடிக்கச் செய்யப்பட்டது. 40 மில்லிமீட்டர் விட்டம் 90 ஆனால் தாடையை மாற்ற வேண்டும், பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்சரை மாற்ற வேண்டும், கேமரா இருந்தால் அதையும் மறுபடி அளவுதிருத்த வேண்டும். அந்த நேரம் முழுவதும் இயந்திரம் சும்மா நிற்கும். விலைப்பட்டியலில் இந்தச் செலவு தெரியாது.

டெஸ்லா கார் நிறுவனமே தானியக்கத்தில் சறுக்கியது. மாடல் 3 கார் தயாரிப்பில் சிக்கலான கன்வேயர் அமைப்பையே கழற்றிப் போட்டது. பேட்டரி மேல் வைக்கும் கண்ணாடியிழைப் பாயைத் தூக்க ரோபோ திணறியது. கடைசியில் அந்தப் பாயே தேவையில்லை என்று தெரிந்தது! அளவுமீறிய தானியக்கம் தவறு என்று 2018 ஏப்ரலில் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

வகை அதிகம், எண்ணிக்கை குறைவு என்றால் பேலட் (பாகத்தைப் பூட்டிவைக்கும் தட்டு) மாற்றி உள்ள சிஎன்சி மெஷினிங் சென்டரும் (கணினி நிரல்படி பாகத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) விரைவாக மாற்றக்கூடிய ஃபிக்சரும் முதலில் வரட்டும். இயந்திரம் ஓடும்போதே அடுத்த பாகத்தை வெளியில் இன்னொரு பேலட்டில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். பாகம் ஏற்றி இறக்கும் ரோபோவை அதன்பின் யோசியுங்கள்.