விலையை வைத்து ஆட்டக்காரரை எடைபோடலாமா?
அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் படம் போட்டு, டாப்ஸ் நிறுவனம் 1952-ல் வெளியிட்ட சேகரிப்பு அட்டை 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதை வைத்தே அவரை அந்தக் காலத்தின் தலைசிறந்த பேஸ்பால் வீரர் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எப்படி ஒப்புக்கொள்வது? அதே 1952 அட்டைத் தொகுப்பில் இன்னொரு வீரரான வில்லி மேஸும் இருக்கிறாரே! ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கணக்கில் மேஸ் 660, மேண்டில் 536. பந்து பிடிப்பதிலும் மேஸ்தான் ஒரு படி மேல்.

விலைக்குக் காரணம் வேறு. அந்தத் தொகுப்பு பல தொடர்களாக வெளியானது; மேண்டில் அட்டை வந்தது கடைசித் தொடரில். அந்தத் தொடரில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் டாப்ஸ் நிறுவனமே கடலில் கொட்டிவிட்டது. போதாக்குறைக்கு அவர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணி மீதான மோகம் வேறு. இத்தனைக்கும் அது அவருடைய முதல் அட்டைகூட இல்லை. 1951-ல் பௌமன் என்ற வேறொரு நிறுவனம் வெளியிட்டதுதான் முதல். ஆனால் டாப்ஸ் அட்டையின் அந்த நீலப் பின்னணிப் படம் அழகுதான், மறுக்கவில்லை.