வரி வாங்கும்போது இருக்கிற அறை, பர்மிட் கேட்டால் இல்லையாம்

கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களோ, அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்களோ இழுத்துக் கட்டியது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் வரி மதிப்பீட்டு அலுவலகம், அதாவது அசெசர், அந்த அறையையும் சதுர அடிக் கணக்கில் சேர்த்து மதிப்புப் போடுகிறது, அதை வைத்துக் கவுண்டி ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரி வாங்குகிறது. டிசம்பர் 10, ஏப்ரல் 10. கெடு தாண்டினால் 10 சதவீதம் அபராதம். அதில் தாட்சண்யம் கிடையாது. சரி, அதே கவுண்டியின் கட்டடத் துறையிடம் போய், "அந்த அறையைக் கட்டக் கொடுத்த பர்மிட்டின் நகல் வேண்டும்" என்று கேட்டால், "உங்கள் கோரிக்கைக்குப் பொருந்தும் ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை" என்று ஒற்றை வரியில் கை விரிக்கிறார்கள்.

பர்மிட் இல்லாமல் கட்டியதற்கும் அசெசர் வரி போடலாம், அது எனக்குத் தெரியும். என் வயிற்றெரிச்சல் அதுவல்ல. அந்தக் காலத்தில் பர்மிட்டே வாங்கவில்லையா, வாங்கியதை இவர்கள் தொலைத்துவிட்டார்களா, இல்லை இவர்கள் தேடவே இல்லையா? எதுவாக இருந்தாலும் வருவது அதே ஒற்றை வரிதான். நாளைக்கு வீட்டை விற்கப் போனால் "அனுமதியில்லாத கட்டுமானம்" என்று எழுதிக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்ளப் போவது நான். அவர்களுக்கு என்ன வந்தது?

கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள். நாங்கள் இருக்கும் பகுதி எந்த நகராட்சி எல்லைக்குள்ளும் வராது. அதனால் கட்டட அனுமதி, செப்டிக் டேங்க், சாலை, ஷெரிஃப் என்று எதற்கும் கவுண்டியின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே "ஃபோயா போடுங்க" என்கிறார்கள். ஃபோயா என்பது 1966-இல் வந்த மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டம். மத்திய அரசுத் துறைகளுக்குத்தான் அது பொருந்தும், கவுண்டியைத் தொடவே தொடாது. இங்கே செல்லுபடியாவது 1968-இல் வந்த கலிபோர்னியா பொது ஆவணச் சட்டம். அரசு ஆவணங்களைப் பார்ப்பது மக்களின் உரிமை என்று 2004-இல் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் 2023 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தின் பிரிவு எண்களை எல்லாம் மாற்றி அடுக்கினார்கள். 6250 என்று தொடங்கியது இப்போது 7920 ஆகிவிட்டது. எனக்கு வந்த தானியங்கிப் பதிலில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது. சட்டத்தைப் படித்துவிட்டு வா என்று நமக்குச் சொல்கிறவர்கள், தங்கள் கடிதத்தின் அடிக்குறிப்பைக்கூடத் திருத்தவில்லை.

கேட்டால் பத்து நாளில் பதில் வரும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பத்து நாளில் வருவது ஆவணம் அல்ல ஐயா. "உங்களுக்குத் தரக்கூடிய ஆவணம் எங்களிடம் இருக்கிறதா இல்லையா" என்று அவர்கள் முடிவு செய்து சொல்வதற்குத்தான் அந்தப் பத்து நாள். அசாதாரணச் சூழ்நிலை என்று காரணம் காட்டி இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் எப்போது தருவோம் என்று ஓர் உத்தேசத் தேதி சொல்ல வேண்டும். அந்தத் தேதி இந்த நாளுக்குள் இருந்தாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. வரி கட்ட எனக்கு ஏப்ரல் 10, காகிதம் கொடுக்க அவர்களுக்கு உத்தேசம்.

அடுத்தது, எங்கே கேட்பது என்ற கூத்து. பத்திரம் ரெக்கார்டரிடம், அதாவது பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். சதுர அடிக் கணக்கு அசெசரிடம். பர்மிட் கட்டடத் துறையில். செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்ற வரைபடம் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில். மழைநீர் வடிகாலுக்கு விட்ட இடம் பொதுப்பணித் துறையில். ஒவ்வொன்றுக்கும் தனி போர்ட்டல், தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. ஒரு துறையில் கேட்டால், "அது எங்கள் துறை இல்லை" என்று கோரிக்கையை முடித்து வைத்துவிட்டு, எந்தத் துறை என்று சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். இத்தனைக்கும், ஆவணம் கேட்டு வருகிறவருக்கு எதை, எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லி உதவ வேண்டியது அலுவலகத்தின் கடமை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த போர்ட்டலின் தேடல் பெட்டி இருக்கிறதே, அதை வடிவமைத்தவரை நேரில் பார்க்க ஆசை. ஒவ்வொரு மனைக்கும் அசெசர் கொடுத்த பார்சல் எண் ஒன்று உண்டு. புத்தகம், பக்கம், மனை என்று மூன்று பாகம், நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள். வரி ரசீதில் கோடு போட்டுத்தான் அச்சாகி வருகிறது. அதைப் பார்த்து அப்படியே போர்ட்டலில் அடித்தால் "முடிவுகள் இல்லை". கோட்டை எடுத்துவிட்டு அடித்தால் நான்கு முடிவுகள். தெருப் பெயரை முழுதாக எழுதினால் ஒன்றும் வராது, சுருக்கி எழுதினால் வரும். இந்த ரகசியம் எங்காவது எழுதியிருக்கிறதா என்றால் இல்லை. முதல் தடவை "இல்லை" என்று வந்ததுமே எத்தனை பேர் உண்மையிலேயே இல்லை போலிருக்கிறது என்று நம்பி எழுந்து போயிருப்பார்கள்?

என் சித்தப்பா தென்காசிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் இதை ஒப்பித்தபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அங்க 'அ' பதிவேடு மாதிரி ஒண்ணு கிடையாதா? பழைய சர்வே நம்பர், புது நம்பர், யார் பேர்ல இருக்கு, எவ்வளவு விஸ்தீரணம், எவ்வளவு தீர்வை, எல்லாம் ஒரே வரியில வந்துருமே?" என்றார். அந்தப் பதிவேட்டிலும் ஆயிரம் பிழை இருக்கும், அதைத் திருத்தத் தாலுகா ஆபீசில் செருப்புத் தேய வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற புத்தி அன்றைக்கே யாருக்கோ இருந்திருக்கிறது. இங்கே மனையைப் பிரித்தால் பார்சல் எண் மாறும், பழைய பர்மிட் பழைய எண்ணிலேயே கிடக்கும். கட்டடத் துறையின் போர்ட்டலுக்கோ புது எண் மட்டும்தான் தெரியும்.

கடைசியில் நேரிலேயே போய்விட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது இருக்கும். என் கடிதத்தைப் பார்த்ததும், "இதை கம்ப்யூட்டரில் மட்டும்தான் தேடியிருப்பார்கள்" என்றார். அந்தத் தெருவுக்கு முன்னொரு காலத்தில் வேறு கதவு எண்களாம். பழைய பர்மிட் கார்டுகள் எல்லாம் அந்த எண் வரிசையில் மைக்ரோஃபிஷில் இருக்கின்றனவாம். எழுந்து போய் ஓர் இழுப்பறையைத் திறந்து, போஸ்ட் கார்டு அளவில் ஒரு பிலிம் தாளை எடுத்து வந்து, எந்திரத்தின் கண்ணாடித் தட்டில் வைத்து நகர்த்தினார். திரையில் தலைகீழாக ஒரு கார்டு வந்தது. திருப்பி வைத்தார். எங்கள் மனை. பின்கட்டில் கூரை போட அனுமதி, கட்டணம் செலுத்திய முத்திரை, அடித்தள ஆய்வுக்கு ஒருவர் கையெழுத்து. இறுதி ஆய்வுக்கான கட்டம் மட்டும் காலி. எந்தத் துறை "இல்லை" என்று கடிதம் எழுதியதோ, அதே துறையின் இழுப்பறை! கடிதம் எழுதியவர் மேஜைக்கும் அந்த இழுப்பறைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். "தேடினோம், இல்லை" என்பதற்கும் "கம்ப்யூட்டரில் பார்த்தோம், பிலிமில் பார்க்கவில்லை" என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? ஏன் அதை எழுதவில்லை? அந்த அம்மாவைச் சொல்லவில்லை, அவர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர். அவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாள் அந்தத் தெருவின் பாதி வரலாறு அவரோடு போய்விடும்.

சரி, பர்மிட் கார்டு கிடைத்தது, கட்டட வரைபடம்? அதற்கு ஒரு தனிச் சட்டம். கட்டடம் இருக்கும் வரைக்கும் அதன் வரைபடத்தைக் கட்டடத் துறை வைத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நல்லது என்று நினைப்பதற்குள் அடுத்த பத்தியில் விலக்குப் பட்டியல். இரண்டு தளத்துக்கு மிகாத வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதாவது நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. அவர்களாக வைத்திருந்தாலும் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாமே தவிர, நகல் எடுக்க வேண்டுமானால் வரைந்து கையெழுத்துப் போட்ட என்ஜினீயர் அல்லது ஆர்க்கிடெக்டிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். என் வீட்டின் வரைபடத்தை நான் நகலெடுக்க, எப்போதோ வரைந்துவிட்டுப் போன மனிதர் உயிரோடு இருந்து சரி என்று சொல்ல வேண்டும்.

காசு விஷயத்திலும் பயமுறுத்தல். நகலெடுக்கும் நேரடிச் செலவைத்தான் வாங்கலாம், தேடிய நேரத்துக்குக் கூலி கேட்க முடியாது என்பது பொது விதி. ஆனால் ஆழம் பார்ப்பார்கள். ஆரஞ்சு கவுண்டி தன் மனை வரைபடத் தரவைக் கேட்ட சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பிடம் 3,75,000 டாலர் உரிமக் கட்டணம் சொன்னது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2013-இல்தான் அது பொது ஆவணம், சாதாரண நகல் செலவுக்குக் கொடு என்று தீர்ப்பானது. ஹேவர்ட் நகரம் போலீஸ் வீடியோவில் மறைக்க வேண்டியதை மறைத்த வேலைக்கு 3,000 டாலருக்கு மேல் பில் போட்டது. அதுவும் செல்லாது என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டிலும் கேட்டவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் அமைப்பு இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். பின்கட்டு அறைக்குப் பர்மிட் கேட்கும் என்னைப் போன்றவன் உச்ச நீதிமன்றத்துக்கா போவான்?

எரிச்சலின் உச்சம் இதுதான். இங்கே மேல்முறையீட்டுக்கு ஆள் கிடையாது. இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டத்தை நாம் எவ்வளவு திட்டினாலும், 30 நாள் என்று ஒரு கெடு உண்டு, அதே அலுவலகத்தில் மேலதிகாரியிடம் முதல் முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணையம் உண்டு. காரணமில்லாமல் இழுத்தடிக்கும் அதிகாரியின் சம்பளத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் என்று காகிதத்திலாவது இருக்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் கட்டினார்கள் என்பது வேறு கதை. கலிபோர்னியாவில் கவுண்டி "இல்லை" என்றால் அடுத்த படி நேரே நீதிமன்றம். ஜெயித்தால் வக்கீல் செலவு கிடைக்கும், அதிகாரிக்கு ஒரு காசு அபராதம் கிடையாது. வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 100 டாலர் வரை தண்டம் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இங்கே அந்தப் பயம் யாருக்கும் இல்லை.

போர்ட்டலில் "எதற்காகக் கேட்கிறீர்கள்" என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் வேறு. நோக்கத்தைப் பார்த்து ஆவணத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம். பிறகெதற்கு அது கட்டாயக் கட்டம்? நான் "சட்டப்படி சொல்லத் தேவையில்லை" என்று எழுதினேன், ஏற்றுக்கொண்டது. நீங்களும் அதையே எழுதுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 2015-இல் நிறைவேறிய ஒரு மாநிலச் சட்டப்படி, ஒவ்வொரு கவுண்டியும் தான் பயன்படுத்தும் முக்கியமான கம்ப்யூட்டர் அமைப்புகளின் பட்டியலைத் தன் தளத்தில் போட வேண்டும். எந்தத் துறை பொறுப்பு, என்னென்ன தரவு அதில் இருக்கிறது என்ற விவரத்தோடு. எங்கள் கவுண்டியும் போட்டிருக்கிறது, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில். அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் எதை எந்தத் துறையிடம் கேட்பது என்பதே புரிந்தது. அதோடு எந்த ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்ற கால அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாகிவிட்ட பல கோப்புகளை, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் ஒப்புதலோடு கவுண்டி அழித்துவிடலாம். ஆற அமரக் கேட்கலாம் என்று இருந்தால் அழித்துவிட்டோம் என்பார்கள். அது சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

அடுத்த மேற்பார்வையாளர் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். ஐந்து பேர் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள், பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரவாயில்லை. எந்த ஆவணம் எந்தத் துறையில், எந்த வருடத்திலிருந்து, கம்ப்யூட்டரிலா பிலிமிலா, பழைய கதவு எண்ணிலா புதிய எண்ணிலா என்று ஒரே ஒரு பக்கம் எழுதி முகப்பில் போடுங்கள் என்று கேட்பேன். "இல்லை" என்று கடிதம் எழுதும்போது எங்கெங்கே தேடினீர்கள் என்று இன்னொரு வரி சேருங்கள் என்றும் கேட்பேன். இதற்கும் 14 நாள் கூடுதல் அவகாசம் கேட்கட்டும், பார்க்கிறேன்.