ஸ்டிக்கர் ஒட்டினால் சிக்னல் ஏறுமா?

"இந்தத் தங்க நிற ஸ்டிக்கரை போனுக்குப் பின்னால் ஒட்டினால் கிராமத்து வீட்டிலும் முழு சிக்னல்" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பொய். அந்த ஸ்டிக்கர் போனின் ஆன்டெனாவோடு எங்கும் இணைவதே இல்லை. வெறும் உலோகத்தாள், சில சமயம் இருக்கிற சிக்னலையும் கெடுக்கும்.

வீடியோவில் ஒரு கோடு நான்காக ஏறுகிறதே? பிடித்த கையை மாற்றினாலே, நாலடி தள்ளி நின்றாலே ஏறும். கோட்டை விடுங்கள், செட்டிங்ஸில் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள்; சிக்னலின் வலிமையைச் சொல்லும் அளவு அது. 4ஜியில் மைனஸ் 120 மோசம், மைனஸ் 90 தேவலை. இந்த எண் 10 கூடினால் சிக்னலின் திறன் 10 மடங்கு. தகரக் கூரைக்குக் கீழே ஒருமுறை, வெளியே ஒருமுறை பார்த்தால் எதிரி அந்தக் கூரைதானா என்று தெரிந்துவிடும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங், அதாவது வைஃபை வழியாகவே போன் பேசும் வசதி, போதும். இல்லையேல் கூரைமேல் ஆன்டெனாவுடன் ரிப்பீட்டர், அதாவது வெளி சிக்னலைப் பெருக்கி வீட்டுக்குள் தரும் கருவி. பல நாடுகளில் அதற்கு அனுமதி வேண்டும்.