பழைய கஸ்டம் கத்திக்கு விலை சொல்லும் முன்

கஸ்டம் கத்தியை, அதாவது கைவினைஞர் ஒருவர் தன் கையால் செய்து தன் முத்திரை பதித்த கத்தியை, விற்க வரும் பலரும் எடுத்த எடுப்பிலேயே, “நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்” என்கிறார்கள். அந்தத் தொகை உங்கள் கணக்கு, வாங்குபவருக்கு அதில் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே வேறு. செய்தவரிடம் இன்று போய்க் கேட்டால் இதே கத்தி கிடைக்குமா?

ஆர்டர் எடுத்துச் சில வாரங்களில் புதிதாகவே செய்து கொடுப்பவர் என்றால், கைமாறிய கத்தி அவர் விலைக்குக் கீழேதான் போகும். வருடக்கணக்கில் காத்திருக்க வைப்பவர் என்றால், காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் கூடுதலாகவே கொடுப்பார். பெயர் பெற்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ் 2010இல் காலமானார். அவர் கையிலிருந்து இனி ஒரு கத்தியும் வராது. அவர் கத்தியில் இருப்பது 1950களின் ‘டெலவேர் மெய்ட்’ முத்திரையா, பிற்கால ரிவர்சைட் முத்திரையா என்பதுவரை பார்த்து விலை பேசுகிறார்கள். அதற்காக, செய்தவர் மறைந்தாலே விலை ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். இருந்தபோதே யாரும் தேடாதவர் என்றால் அந்தக் கணக்கு பலிக்காது.

கத்தி அடிப்பவர்களின் சங்கமான, 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில், தொங்கவிட்ட கயிற்றைக் கத்தி வெட்ட வேண்டும், மரத்தைக் கொத்த வேண்டும், அதன் பிறகும் முடியை மழிக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைந்தும் ஒடியக் கூடாது. தேறியவரின் முத்திரைக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அது அவர் திறமைக்குச் சான்று, உங்கள் கையில் உள்ள கத்தியின் இன்றைய நிலைக்கு அல்ல.

நிலையைச் சொல்வதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. ‘புதுசு மாதிரி’ என்று எழுதிவிடுகிறார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சாணை பிடித்திருந்தால் விளிம்பின் அகலம் கைப்பிடிப் பக்கம் ஒன்றாகவும் முனைப் பக்கம் வேறாகவும் இருக்கும். டமாஸ்கஸ், அதாவது வரிவரியாகத் தெரியும் அடுக்கு எஃகு, என்றால் விளிம்பை ஒட்டி வரிகள் மங்கியிருக்கும். தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் வைத்திருந்தால் பித்தளையில் பச்சை படரும், எஃகில் ஊசிக்குத்துப் போலப் புள்ளிகள் விழும். இதையெல்லாம் மறைக்க, விற்கும் முன் பஃப் போட்டுப் பளபளக்க வைப்பார்கள் பாருங்கள், அதுதான் பெரிய கேடு. அலகின் பக்கங்கள் சேரும் இடத்தில் செய்தவர் கூர்மையாக நிறுத்திய கோடுகள் எல்லாம் மழுங்கிவிடும், திரும்ப வராது. கறையோடு வந்த கத்திக்குக்கூட நான் நல்ல விலை சொல்வேன். பஃப் போட்டதற்குச் சொல்ல மாட்டேன்.

யானைத் தந்தக் கைப்பிடி தனிக் கதை. 1989இல் தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடை செய்ய முடிவெடுக்கப்பட்டது. எவ்வளவு அழகாக இருந்தாலும் எல்லை தாண்டி அனுப்புவது பெரும் சிக்கல். வாங்கக்கூடியவர்கள் குறைந்தால் விலையும் இறங்கத்தான் செய்யும்.

இன்னொன்று. மற்றவர்கள் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், எந்த விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விலையைப் பார்த்து நீங்களும் அதையே போட்டால் உங்களுடையதும் அங்கேயே கிடக்கும். “ஆஃபர் சொல்லுங்க” என்று போடுவதும் எனக்குப் பிடிக்காது. பொருளைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள், விலையை நீங்களே சொல்லுங்கள். சாணை பிடித்த இடத்தையும் கீறலையும் படமெடுத்துப் போடுங்கள். பெட்டி, சான்றிதழ், உறை எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதுங்கள். அப்படியும் யாரும் கேட்கவில்லை என்றால் கத்தியின் மேல் குறையில்லை. விலையைக் குறையுங்கள்.